தொற்றுநோயாளரை உறைகலத்துக்கு அழைக்கலாமா?

இறந்தவர் உடலைக் கடுங்குளிரில் வைத்துக் காத்தால் பிற்கால மருத்துவம் அவரை எழுப்பிவிடும் என்று நம்பும் சங்கங்கள் அமெரிக்காவில் உள்ளன. இதற்குக் கிரையோனிக்ஸ் என்று பெயர். இராபர்ட் எட்டிங்கர் என்ற இயற்பியல் ஆசிரியர் 1964இல் வெளிவந்த தம் நூலில் இதை வற்புறுத்தினார். (நம் துறைக்காரர்! அதனாலேயே கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.) 1967 சனவரியில் முதல் உடல் உறையவைக்கப்பட்டது.

எய்ட்ஸ் போன்ற கொடிய தொற்றுநோய் உடையவர்களை இச்சங்கங்கள் தேடிச் சென்று சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்போர் வாதம் எளியது: இன்று மருந்தில்லை, நாளை வரும், அதுவரை குளிரில் காத்திருக்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எய்ட்ஸ் வரலாற்றைப் பாருங்கள். 1981இல் அறியப்பட்ட அந்நோயை, 1996 முதல் கூட்டு மருந்துகள் அடக்கிவைக்கத் தொடங்கின. வாதத்தின் முற்பாதி பெரும்பாலும் பலித்துவிட்டது. அதனால் உறைந்து கிடந்தவர் எவரேனும் எழுந்தாரா? இல்லை. ஏனெனில் தடையாக நிற்பது நோயன்று, உறைதலே. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கிறது. பனிப் படிகங்கள் வளர வளர, எஞ்சிய நீரில் உப்புச் செறிவு ஏறி, உயிரணுக்கள் நீரிழந்து சுருங்குகின்றன. இதைத் தவிர்க்க இரத்தக் குழாய்களில் செலுத்தும் கிளிசரால் போன்றவற்றுக்கும் நச்சுத்தன்மை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இக்குளிர் நோயாளியைவிட வைரசை நன்றாகக் காக்கிறது. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை −196° செ.; அதிலும் பல வைரசுகள் அழிவதில்லை. எலும்பு மச்சை சேமித்த தொட்டி ஒன்றில் ஹெபடைடிஸ் பி வைரஸ் திரவ நைட்ரஜன் வழியே பரவி, வேறு நோயாளிகளைத் தொற்றியதை லண்டன் மருத்துவர்கள் 1995இல் வெளியிட்டார்கள்.

இதைக் காட்டி நோயாளிக்குக் கதவடைப்பதையும் நான் ஏற்கவில்லை. எந்த உடலையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளும் முறை மருத்துவமனைகளில் உண்டே! தாமாகக் கேட்டு வருபவரைச் சேர்க்கட்டும். தேடிச் சென்று அழைப்பதுதான் தவறு. மிச்சிகனில் உள்ள ஒரு சங்கத்தின் கட்டணம் 28,000 டாலர். நலமாக இருப்பவர் ஆயுள் காப்பீடு எடுத்து இதை ஈடுசெய்துகொள்வார். நோய் முற்றியவருக்குக் காப்பீடு கிடைப்பது அரிது. மருந்துக்கும் பிள்ளைகளுக்கும் வைத்திருப்பதையே அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவின் சாட்சுவொர்த் கல்லறையில், 1970களில் பணம் வற்றியதால் குளிரூட்டல் நின்று, உறையவைத்த உடல்கள் உருகி அழுகிய கதையையும் அழைப்பவர்கள் அவருக்குச் சொல்வார்களா?