கக்கத்தில் இடுக்கிய துண்டு

2020இல் கொரோனா வந்தபோது, கைகுலுக்க வேண்டாம், கும்பிடுங்கள், முன்னோர் அன்றைக்கே சொன்னார்கள் என்று ஆளாளுக்குப் பெருமை பேசினார்கள். தொடாமல் வணங்குவதன் அருமை நமக்குத் தெரியாதா என்ன? எட்டி நின்று கும்பிட்டே பழகிய சனம்தானே நாம்.

கும்பிடு என்பது இரண்டு கையைச் சேர்ப்பதோடு முடிகிற காரியமில்லை. தாமிரபரணிப் பாசன வயலில் கூலிக்கு நின்ற எங்க தாத்தா, பெரிய வீட்டு ஆள் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார். தோள் துண்டு கக்கத்துக்குப் போகும். முதுகு வளையும். அதற்கப்புறம்தான் 'கும்பிடுறேன் சாமி'. பதில் கும்பிடு வந்து நான் பார்த்ததில்லை. 'ஏலே' மட்டும் வரும். நெல்லைத் தமிழின் இனிப்பென்று கொண்டாடுகிறார்களே 'அண்ணாச்சி', அது அவருக்குக் கிடைக்கவே இல்லை. மண்வாசனைக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த 'அண்ணாச்சி' யார் வாயிலிருந்து யாருக்குப் போகிறது என்றுதான் என் கண் தேடும்.

தாய்லாந்தில் 'வாய்' என்றொரு கும்பிடு இருக்கிறது. எதிரே நிற்பவரின் தகுதி கூடக்கூட, கும்பிடும் கையும் மேலே ஏறும். இளையவர் முதலில் கும்பிடவேண்டும். அதுவும் ஏற்றத்தாழ்வுதான். ஆனால் அங்கே வயசுக்காவது மரியாதை உண்டு. இங்கே நரைத்த கிழவி பொடிப்பயலை 'அய்யா' என்கிறாள், அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். பாமாவின் 'கருக்கு' (1992) இதைப் பதிந்திருக்கிறது.

அதே நூலில் வடைப் பொட்டலம் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கிவந்து, குனிந்து நாயக்கரிடம் நீட்டுகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புதான் இலக்கியம் என்பேன். இந்த மரியாதையின் இலக்கணத்தை அவள் இன்னும் படிக்கவில்லை. அதனால்தான் அது கோமாளித்தனம் என்று அவளுக்குத் தெரிகிறது. அண்ணன் விளக்கிய பிறகு அவளால் சிரிக்க முடியவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் அந்த விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிரிப்பை விட்டுவிடுகின்றன.

நம்ம பக்கத்து மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) படத்தில் எம்எல்ஏவான அப்பாவே நிற்கிறார், மகன்தான் உட்காரச் சொல்கிறான். நல்ல காட்சி. ஆனால் கடைசியில் அவர் சபாநாயகர் ஆகிறார், சபை எழுந்து நிற்கிறது. எழுந்தது அவருக்கா, நாற்காலிக்கா? படம் இதைக் கேட்காமல் முடிந்துபோகிறது. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் சரிசமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின்னால் எந்த நாற்காலியும் இல்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பட்டா விஷயமாக மனு கொடுக்க மாமாவோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக மனு கொடுக்க வந்த ஊர்வலத்தில் 17 பேர் தடியடிக்கு ஓடி ஆற்றில் மாண்டது அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் மாமாவின் துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது.

'எதுக்கு மாமா?' என்றேன்.

'கை தானாப் போவுது மாப்ள.'