கந்தரோடைச் சிறு தூபிகள்

ஒரு பொருளின் சிறிய வடிவத்தைக் கண்டவுடன் அதனை விளையாட்டுப் பொருளென்றோ நேர்த்திப் பொருளென்றோ கொள்வது தொல்பொருள் ஆராய்ச்சியிற் பழகிப்போன வழக்கமாகும். மொகஞ்சதாரோவிற் கிடைத்த சுடுமண் வண்டியைச் சிறுதேரென்று கொள்வதில் இடர்ப்பாடில்லை. குழந்தையின் கைக்கு அஃது அடங்கும். கோயிலிற் செலுத்தும் வெள்ளிக் கண்மலரும் அத்தகையதே. கண்ணோய் தீர்ந்தவர் கண்ணுக்கு ஈடாகக் கண்ணின் உருவையே கொடுக்கிறார். இவற்றிற் சிறுமையின் காரணம் வெளிப்படை. கந்தரோடைத் தூபிகளின் நிலை அவ்வாறன்று.

சுன்னாகத்துக்கு அணித்தாயுள்ள கந்தரோடையில் 1917ஆம் ஆண்டளவில் போல் ஈ. பீரிஸ் இத்தூபிகளை ஆராய்ந்து வெளியுலகுக்கு அறிவித்தார். முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆகிய இவை ஒரு சிறு நிலப்பரப்பில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அநுராதபுரத்து ருவன்வெலிசாயாவை நோக்க இவை சிறியனவே. ஆயின் கையால் எடுக்கத்தக்கன அல்ல. ஆகவே சிறுமை என்பது எதனோடு ஒப்பிட்டு என்ற வினா முதலில் எழவேண்டும். அவ்வினாவை எழுப்பாமலே "நேர்த்தித் தூபிகள்" என்று பெயரிட்டோர் பலர்.

புத்தகயாவிலும் ஒரிசாவின் இரத்தினகிரியிலும் உள்ள நேர்த்தித் தூபிகள் பெருங்கோயிலையோ மகாதூபியையோ சூழ்ந்து நிற்பன. பசுவைச் சூழ்ந்த கன்றுகள் போல்வன அவை. கந்தரோடையிலோ சூழப்படும் பசு இன்று காணப்படவில்லை. எனவே இவை துறவிகளின் ஈமச் சின்னங்கள் என்னும் கருத்தே வலியுடையதாகத் தோன்றுகிறது. கந்தரோடையிற் பௌத்தத்துக்கு முந்திய கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் கிடைத்தமையும், 1980இல் ஆனைக்கோட்டையிற் பெருங்கற்கால ஈமம் வெளிப்பட்டமையும் இறந்தோர்க்குச் சின்னம் எடுக்கும் பழைய மரபொன்று இக்குடாநாட்டில் இருந்தமையைக் காட்டும். அறுபது துறவிகள் ஒருங்கே இறந்தனரென வழங்கும் செவிவழிக் கதை சுவையானது, சான்றாகாது. தூபிகளின் அடியில் எலும்போ சாம்பலோ முறைப்படி நிறுவப்படும்வரை ஈமக் கருத்தும் கருத்தே.

இதனினும் கவலை தருவது பிறிதொன்று. தூபி கண்டவிடமெல்லாம் சிங்களக் குடியிருப்பென்பார் ஒருசாரார். அதற்கு அஞ்சி, இவற்றுக்கும் பௌத்தத்துக்கும் தொடர்பேயில்லை என்பார் மற்றொரு சாரார். மணிமேகலையைப் பாடஞ்சொல்லும் நாட்டில் இவ்வச்சம் ஏன்? காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகபட்டினத்திலும் தமிழர் பௌத்தராயிருந்தனர். இவ்விருசாராரும் சமயத்தையும் இனத்தையும் ஒன்றென மயங்கியே வழக்காடுகின்றனர்.

அன்றியும், இன்று அங்குச் செல்வோர் காண்பது பழைய தோற்றத்தையன்று. தொல்பொருளியல் திணைக்களம் பிற்காலத்தில் மீள அமைத்த வடிவத்தையே. சிதறிக் கிடந்த அண்டங்களுள் எது எந்தப் பீடத்துக்கு உரியது என்பதை மீள அமைத்தோரே முடிவு செய்யவேண்டியிருந்தது. தூபிகளின் உயரத்தையும் அளவையும் கொண்டு வாதிடுவோர் முதலில் அப்பீடங்களையே அளந்து தொடங்குதல் வேண்டும்.