ஈந்தின் குருத்து

கொல்லையில் நிற்கும் ஈந்து குருத்து விட்டிருக்கிறது. வருஷம் முழுக்கச் சும்மா நின்ற செடி, கோடை மழை இரண்டு விழுந்ததும் உச்சியில் முண்டியது. பழுப்புச் செதில்கள் விலகி விரல் நீளத்தில் ஒரு கொத்து எட்டிப் பார்த்தது. நாலைந்து நாளில் முழங்கை உயரம். காலைக் காப்பியை இப்போது அங்கேயே நின்றுதான் குடிக்கிறேன்.

நடுமட்டை நேராக ஓங்கி நிற்கிறது. அதன் இரு பக்கமும் உள்ள கீற்று ஒவ்வொன்றும் கைக்கடிகாரச் சுருள்வில்லைப் போல உள்நோக்கிச் சுருண்டிருக்கிறது. தொட்டால் குழந்தையின் காது மடல். மேலே சாம்பல் பூசியது போல மென்மயிர். அடியிலிருந்து தொடங்கி, சுருள்கள் வரிசையாக அவிழ்ந்துகொண்டு போகின்றன. பனையில் இப்படிப் பார்க்க முடியாது, பெரணியில் பார்க்கலாம். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் சைகஸ் சர்சினாலிஸ். பின்பாதிக்குச் சுருண்டது என்றே பொருள். அதற்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்ற நூல் இதைப் படம் படமாக வரைந்து வைத்துவிட்டது.

பனை மாதிரி தெரிந்தாலும் இதற்குப் பனையோடு உறவில்லை. பூவே பூக்காத குலம். விரிந்த கீற்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரே நரம்பு, பக்க நரம்பு ஒன்றுகூடக் கிடையாது. நர்சரியில் ‘சேகோ பாம்’ என்று விற்பது இதன் ஜப்பானிய உறவு. அதன் கீற்றின் ஓரம் கீழ்நோக்கி மடிந்து விரலைக் குத்தும். நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈந்தின் கீற்று தட்டை, நீளம், காற்றுக்கு அசையும். எனக்கு இதுதான் அழகு.

ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரம் உச்சியில் செம்மஞ்சள் கூம்பு வைக்கும்; நாட்டு மருந்துக் கடையில் ‘மதன காமப்பூ’ என்று கிடைப்பது அதன் செதில்தான். பெண் கூம்பு கட்டுவதில்லை. கம்பளி போர்த்திய பழுப்பு இலைகளை விரித்து, அவற்றின் விளிம்பிலேயே சூல்களைத் தாங்குகிறது. இலையே தாயாகிற காட்சி அது. மகரந்தம் உள்ளே வந்த பிறகும் அவசரமில்லை. மாதங்கள் கழித்துத்தான் விந்தணு புறப்படுகிறது. அதுவும் நீந்திப் போகிறது! 1896இல் ஜப்பானியத் தாவரவியலாளர் இகேனோ சைகஸில் இதைக் கண்டறிந்தார். பாசியும் பெரணியும் நீரில் செய்கிற வேலையை, இந்த மரம் விதைக்குள் ஒரு துளி நீர் வைத்துக்கொண்டு செய்கிறது.

வளர்ப்பதற்குப் பொறுமைதான் முதல் உரம். பழுத்து விழுந்த விதையின் மேல்சதையை நீக்கிவிட்டுச் சில மாதம் நிழலில் வையுங்கள். விழுந்த பின்னும் உள்ளே கரு வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு மணல் கலந்த மண்ணில் பக்கவாட்டில் படுக்கவைத்து, பாதி வெளியே தெரியும்படி ஊன்றுங்கள். முழுக்கப் புதைத்தால் அழுகும். முளைக்கப் பல மாதம் ஆகும். அடிமரத்தில் குட்டி இருந்தால் அது சுலபம்: வெட்டி எடுத்து, ஓலைகளைக் கழித்து, காயம் ஆறும்வரை சில நாள் காயவைத்து நடலாம். இளம் செடிக்கு அரைநிழல் போதும். தண்ணீர் தேங்கவே கூடாது.

தொட்டியின் மேல்மண்ணில் பவளக்கொத்து போல வேர்கள் எட்டிப் பார்த்தால் நோய் என்று பிடுங்கிவிடாதீர்கள். ஒன்றை நறுக்கினால் உள்ளே நீலப்பச்சை வளையம் தெரியும். அங்கே குடியிருக்கும் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது.

கோழிக்கோட்டுப் பக்கம் ஈந்தங்காய் மாவில் பிடி என்ற பலகாரம் செய்வார்கள். ஆனால் பச்சை விதை விஷம். காயவைத்து, பலமுறை ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் களைந்த பிறகே மாவு. பழக்கமில்லாதவர்கள் இறங்க வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் விதையை எட்டாமல் வையுங்கள்.

காட்டில் இது அருகி வருகிறது. பந்தல் அலங்காரத்துக்கு ஓலையையும் மருந்துக்குக் கூம்பையும் வெட்டிக்கொண்டே இருந்தால், வருஷத்துக்கு ஒருமுறை துளிர்க்கிற மரம் எப்படி ஈடுகொடுக்கும்?

என் கவலை இப்போது ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி. அறிவியல் பெயரில் பாண்டவா என்று இருக்கும். இளங்குருத்தில்தான் முட்டையிடும்; ஓலை முற்றிவிட்டால் திரும்பியும் பார்க்காது. போன வருஷம் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். குருத்தில் எறும்பு ஊர்ந்தது. சுருளை விலக்கினால் பச்சைப் புழுக்கள். மட்டை மட்டும் மிஞ்சியது. புதுக் கொத்துக்கு ஒரு வருஷம் காத்திருந்தேன். இந்த முறை கொசுவலைத் துணியால் தளர்வாகக் கூடாரம் போட்டிருக்கிறேன். பகலில் பூச்சி வந்து வலைமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. இன்று காலை எண்ணினேன்: உச்சியில் அவிழாத சுருள்கள் ஏழுதான் பாக்கி.