ஊன்றுகோலுக்குள் ஒரு ரைஃபிள்

ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'த டே ஆஃப் த ஜாக்கல்' நாவலில் எனக்குப் பிடித்த ஆள் ஜாக்கல் இல்லை. அவனைத் துரத்தும் போலீஸ் அதிகாரி லெபலும் இல்லை. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் துப்பாக்கிக் கொல்லர் கூசன்ஸ்தான். மொத்தமே சில பக்கங்கள்தான் வருகிறார். ஆனால் நாவலின் முடிவு பாரிஸில் எழுதப்படவில்லை, அந்த மனிதரின் பட்டறையில்தான் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். (1971இல் வந்த புத்தகம். முடிவைச் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெத்தி கிளமாரில் பிரெஞ்சு அதிபர் டி கோலின் காரை வழிமறித்து நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டார்கள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இது வரலாறு. நாவல் கேட்கும் கேள்வி எளிது: இத்தனை பேர், இத்தனை தோட்டா வைத்து முடியாததை ஒரே ஆள், ஒரே தோட்டாவில் முடித்தால்? ஃபோர்சைத் எழுதி முடித்தபோது டி கோல் உயிரோடுதான் இருந்தார். சாகப்போவதில்லை என்று வாசகருக்கு முன்பே தெரிந்த மனிதரைக் கொல்லும் கதையில் என்ன பரபரப்பு இருக்கும் என்று பதிப்பாளர்கள் கையை விரித்தார்கள். 'கொல்வானா' என்பதில் இல்லாத பரபரப்பு 'எப்படி' என்பதில் இருக்கிறது என்று விமர்சகர்கள் பிறகு பதில் சொன்னார்கள். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில்.

பட்டறைக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். தையற்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போகிறவன் மாதிரி வருகிறான் ஜாக்கல். எடை குறைவாக இருக்கணும். துண்டு துண்டாகக் கழற்றி, மெல்லிய உலோகக் குழாய்களில் ஒளித்து, ஊனமுற்ற முன்னாள் சிப்பாய் வேஷத்தில் ஊன்றுகோலாகவே எடுத்துப்போகணும். சத்தத்தை அமுக்கும் குழாய் வேண்டும், தொலைநோக்கி வேண்டும். கூசன்ஸ் முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. எவ்வளவு தூரம், எங்கே குறி, இரண்டாவது முறை சுட வாய்ப்பு கிடைக்குமா என்று விசாரிக்கிறார். இலக்கு யார் என்று மட்டும் கேட்பதில்லை.

இந்தக் கைவேலையே ஒரு கொடுக்கல் வாங்கல். எடையைக் குறைத்தால் தோளில் உதை கூடும். குழலைக் குறைத்தால் குண்டின் வேகம் போகும். காலிபரை மாற்றுவதென்றால் வேறு குழல் மாட்டிவிட்டால் போதும் என்று வெளியாட்கள் நினைப்போம். தோட்டா உட்காரும் அறை, அதன் பின்விளிம்பைப் பிடிக்கும் போல்ட், அடுத்த தோட்டாவை ஊட்டும் மேகசின் என்று ஒவ்வொன்றும் பின்னாலேயே மாற வேண்டிவரும். குறியையும் மறுபடி முதலிலிருந்து சரி பண்ணணும். ஒன்றைத் தொட்டால் நாலு ஆடும். என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூவில் சுட்டதுதான் என் துப்பாக்கி அனுபவம் மொத்தமும். அதன் கட்டை என் கைக்கு நீளம், கழுத்தை நீட்டித்தான் குறி பார்த்தேன். ஒரு ரைஃபிள் ஆளுக்குப் பொருந்துவது என்றால் என்ன என்று அதிலேயே கொஞ்சம் புரிந்துவிட்டது.

ஜாக்கல் ஒல்லியான உருவத்தை வாங்கிக்கொண்டு மேகசினை விட்டுக்கொடுக்கிறான். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டும்.

பாரிஸ், 1963 ஆகஸ்ட் 25. குறி பிசகவில்லை, ரைஃபிளும் சொன்னதைச் செய்கிறது. ஆனால் பதக்கம் குத்திய முன்னாள் வீரரின் கன்னத்தில் முத்தமிட டி கோல் குனிகிறார். பிரெஞ்சுக்காரர்களின் இந்த வழக்கத்தை ஆங்கிலேயனான ஜாக்கல் எதிர்பார்க்கவில்லை. குண்டு தவறுகிறது. எல்லோரும் பேசுவது இந்த முத்தத்தைப் பற்றித்தான். எனக்கு அதற்கடுத்த சில நொடிகள்தான் முக்கியம். இரண்டாவது தோட்டா, கதவை உடைத்து வந்த காவலனுக்குப் போகிறது. மூன்றாவதைப் போடுவதற்குள், விழுந்த காவலனின் இயந்திரத் துப்பாக்கியை எடுத்து லெபல் சுட்டுவிடுகிறார். முத்தம் டி கோலைக் காப்பாற்றியது. ஜாக்கலைக் கொன்றது அவனே ஆசைப்பட்டு வாங்கிய அந்த ஒல்லியான ரைஃபிள்.

துப்பாக்கித் தேர்வு ஆளைக் காப்பாற்றிய கதையும் உண்டு. ஜிம் கார்பெட் சௌகர் புலியைச் சுட்டபோது அவர் இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. .275 ரிக்பியை வலது கையால் மட்டும் மெதுவாகச் சுழற்றிச் சுட்டார். பெரிய விலங்குகளுக்கென்று செய்த கனமான இரட்டைக்குழல் ரைஃபிளாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த .275க்கே ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. அது ஜெர்மன் மௌசரின் 7 மி.மீ. தோட்டாதான். போயர் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சாய்த்த அதே அளவை, சில ஆண்டுகளில் அங்குலக் கணக்கில் பெயர் மாற்றி லண்டன் கடையில் விற்றார்கள். உலோகத்தில் கைவைக்காமலே செய்த காலிபர் மாற்றம்!

ஃபோர்சைத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. காட்டில் ஒரு பழத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் முகம் வரைந்து, ஜாக்கல் குறியைச் சரிசெய்யும் இடம். 1973இல் ஃப்ரெட் ஜின்னமன் படமாக்கியபோதும் மறக்க முடியாத காட்சி அதுதான். திருகைக் கொஞ்சம் திருப்புகிறான், சுடுகிறான், மறுபடி திருப்புகிறான். கடைசியில் வெடிக்கும் குண்டு. பழம் சிதறுகிறது. நமக்கு என்ன தோன்றுகிறது? 'அப்பாடா, பொருந்திவிட்டது.' நாமும் அந்தப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் ஆகிவிடுகிறோம். இது சாமர்த்தியமான எழுத்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் துல்லியத்தின் அழகை முழுசாகக் காட்டிவிட்டு, அது ஓர் உடம்பில் என்ன செய்யும் என்பதைப் பழத்தின் மேல் தள்ளிவிடுகிறார்.

ஆர்வெல் 1936இல் எழுதிய 'யானையைச் சுடுதல்' கட்டுரையில் இந்தத் தப்பித்தல் இல்லை. பர்மாவில் போலீஸ் அதிகாரியான அவர் முதலில் எடுத்துப்போவது பழைய .44 வின்செஸ்டர். யானைக்கு அது பத்தாது, சத்தத்துக்கு உதவலாம். அப்புறம் தற்காப்புக்கென்று யானை ரைஃபிளை இரவல் கேட்டு ஆளனுப்புகிறார். ரைஃபிள் வந்ததும் ஊரே பின்னால் வருகிறது. யானையைச் சுடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த ரைஃபிளைக் கையில் வாங்கியபோதே யானையின் கதை முடிந்துவிட்டது. தமிழில் இரண்டையும் 'துப்பாக்கி' என்றே எழுதினால் கட்டுரையின் முதுகெலும்பே போய்விடும். மொழிபெயர்க்கிற நண்பர்கள் கவனிக்கணும்.

அந்த இரவல் ரைஃபிள் அழகான ஜெர்மன் சரக்கு, குறுக்குக்கோடு வைத்த குறிநோக்கியோடு. ஆனால் யானையின் மூளை எங்கே இருக்கிறது என்று பிடித்திருப்பவருக்குச் சரியாகத் தெரியாது. ஐந்து தோட்டாவும் தீர்ந்த பிறகும் யானை மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. மறுபடி சின்ன ரைஃபிளை வரவழைத்து, நெஞ்சிலும் தொண்டையிலும் மாற்றி மாற்றிச் சுடுகிறார். பார்க்கச் சகிக்காமல் கிளம்பிப் போய்விடுகிறார். அது சாக அரை மணி நேரம் ஆனதாகப் பிறகுதான் கேள்விப்படுகிறார்.