கிங்கெரியின் லேத்தும் என் கிளட்ச் பிளேட்டும்

பழைய இரும்பைக் கொண்டே பட்டறை அமைக்கச் சொல்லும் டேவிட் கிங்கெரியின் புத்தக வரிசை மொத்தம் 7 பாகம். முதல் பாகத்தில் கரி உலை. இரண்டாவதிலேயே அலுமினியம் வார்த்து லேத் செய்துவிடுகிறார். ரசித்துத்தான் படித்தேன். ஆனா செம்பரம்பாக்கத்துல உட்கார்ந்து படிக்கிறவனுக்கு லேத்தையே செய்யணுமான்னு தோணும். அம்பத்தூர் வரைக்கும் போனால் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

எனக்கு இருக்கும் குறை வேறு. மெஷினைப் பற்றிய பேச்சு நிறைய. அதில் கடைந்தெடுக்கும் டூல் எவ்வளவு சுமை தாங்கும் என்பது பின்னால் போய்விடுகிறது. அம்பாசிடர் மாதிரி வண்டியில் கிளட்ச் பிளேட்டை சென்டர் பண்ணும் கம்பியைப் பாருங்கள். நுனி கிராங்க் ஷாஃப்டில் உள்ள புஷ்ஷுக்குள் போகணும், அடுத்த படி பிளேட்டின் ஸ்ப்ளைன் ஓட்டையில் ஆடாமல் நிற்கணும். சுமையே கிடையாது, நைலான்கூடப் போதும். அளவு தப்பினால் மட்டும் கியர்பாக்ஸ் ஏறாது.

பேரிங் புல்லரின் திருகு அப்படியில்ல. சாதா மைல்ட் ஸ்டீலில் கடைந்தால் மரை உரிந்துவிடும்; ஈஎன் 24 எடுத்து ஹீட் ட்ரீட்மென்ட் கொடுக்கணும். காயில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் பக்கமே போகக்கூடாது. அழுத்தின ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். அதை மட்டும் நான் கடையில்தான் வாங்கினேன்.