பூஜ்யத்தில் பிறந்த நாவல்கள்

1969-ஆம் ஆண்டில் மாக்மில்லன் கம்பெனியார் அமெரிக்காவில் வெளியிட்ட ‘பேஸ்பால் கலைக்களஞ்சியம்’ என்னும் தலையணைப் பருமனுள்ள புத்தகத்தில், பெரிய லீக்குகளில் இருபது வருஷம் ஆடிப் புகழ்பெற்றவர் முதல் ஒரே ஒரு நாள் மைதானத்தில் கால் வைத்துவிட்டு மறைந்தவர் வரை சகலருக்கும் இடம் உண்டு. அதைப் புரட்டிய கனடா தேசத்து எழுத்தாளர் டபிள்யூ. பி. கின்செல்லாவின் கண், ‘மூன்லைட்’ என்ற செல்லப்பெயர் பூண்ட ஆர்ச்சிபால்ட் கிரஹாமுக்கு உரிய ஒற்றை வரியில் போய் நின்றுவிட்டது: 1905-ஆம் ஆண்டு, நியூயார்க் ஜயன்ட்ஸ் கோஷ்டி, ஆடிய ஆட்டம் 1, மட்டை பிடித்த முறை 0. அம்மனிதர் பிற்பாடு மினசோட்டா மாகாணத்துச் சிஷோல்ம் என்ற சுரங்க ஊரில் வைத்தியராக நெடுங்காலம் வாழ்ந்து 1965-இல் காலமானார். 1982-இல் வெளிவந்த ‘ஷூலெஸ் ஜோ’ நாவலில் கின்செல்லா அவரை மீண்டும் வாலிபனாக்கி, அயோவாவின் சோளக்கொல்லை நடுவே ஆடவைத்தார். அந்நாவலின் பிற்பகுதியில் உணர்ச்சி சற்று அளவு மீறிக் குழைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அந்தப் பூஜ்யத்தைக் கண்டுகொண்ட கண் சாமானியமானதன்று.

அரசர்களைப் பற்றிச் சரித்திர நாவல் எழுதுவோருக்கு இல்லாத ஒரு சங்கடம் பேஸ்பாலைப் பற்றி எழுதுவோருக்கு உண்டு. ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைச் செம்மைப்படுத்திவிட்டபடியால், எந்தத் தேதியில் எவர் எந்தப் பந்தைக் கோட்டைவிட்டார் என்பது பதிவாகிக் கிடக்கிறது. 1971-இல் கூப்பர்ஸ்டவுனில் கூடிச் சங்கம் கண்ட ஆராய்ச்சிப் பிரியர்களோ அப்பதிவுகளை இன்றளவும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். கின்செல்லாவின் நாவல் 1989-இல் சினிமாவான போது, இடக்கையால் மட்டை வீசிய ஷூலெஸ் ஜோ ஜாக்ஸன் திரையில் வலக்கையால் வீசியதை ரசிகர்கள் மன்னித்தபாடில்லை. வேடிக்கை என்னவென்றால், இத்தனை கறாரான விளையாட்டின் உற்பத்திக் கதையே ஒரு கட்டுக்கதைதான். 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபிள்டே இதைக் கண்டுபிடித்தார் என்று மில்ஸ் கமிஷன் 1907-இல் முடிவு கட்டிற்று; அவ்வாண்டில் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் மாணவராக இருந்தார்.

இத்துறையில் மிகுதியான மை செலவாகியிருப்பது 1919-ஆம் ஆண்டின் வேர்ல்ட் சீரிஸ் பந்தயத்துக்குத்தான். சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு சின்சினாட்டிக்கு விட்டுக்கொடுத்ததாகச் சிகாகோ ஆட்டக்காரர் எண்மர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 1921-இல் ஜூரிமார் விடுதலை செய்த மறுநாளே, லீக்குகளின் கமிஷனரான நீதிபதி லாண்டிஸ் அவர்களை ஆயுட்காலத்துக்கும் விலக்கிவிட்டார். அவர்களுள் ஒருவரான ஜாக்ஸன் அத்தொடரில் அடித்த சராசரி .375. தோற்பதற்குக் கூலி பெற்றவர் என்று சொல்லப்படுபவர் ஏன் அவ்வளவு நன்றாக அடித்தார் என்ற கேள்விக்கு அட்டையில் விடையில்லை. கிரஹாமின் பூஜ்யத்தைப் போலவே, நிரம்பிய இந்த எண்ணும் ஊமையாகத்தான் நிற்கிறது. எலியட் அசினாஃப் 1963-இல் எழுதிய ‘எய்ட் மென் அவுட்’ சரித்திரம் என்ற பெயரிலேயே வெளிவந்தது. ஆனால் தம் எழுத்தைக் களவாடுவோரைக் கண்டுபிடிப்பதற்காக அதில் ஒரு கற்பனை முரடனைத் தாமே புகுத்தியதாக ஆசிரியர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்த முரடன் பிறர் எழுதிய புத்தகங்களிலும் நிஜ மனிதனாக உலவ ஆரம்பித்துவிட்டான்!

அதே ஊழலைத் தொடும் நூல்களில் என் மனத்துக்கு உகந்தது எரிக் ரோல்ஃப் கிரீன்பர்க்கின் ‘தி செலிப்ரண்ட்’ (1983). 1905-ஆம் ஆண்டுத் தொடரில் எதிரிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் மூன்று ஆட்டங்களை வென்ற பந்தெறிவாளர் கிறிஸ்டி மாத்யூஸனை, குடியேறிய யூத நகை வியாபாரக் குடும்பத்து இளைஞன் ஒருவனின் பக்தி நிறைந்த கண்களால் காட்டுகிறது இந்நாவல். முதல் உலக யுத்தத்தின்போது விஷவாயு பட்டு நுரையீரல் கெட்டிருந்த மாத்யூஸன், 1919-இல் பத்திரிகையாளர் ஹ்யூ ஃபுல்லர்ட்டனுக்கு அருகில் அமர்ந்து, சந்தேகத்துக்கு இடமான ஆட்டத் தருணங்களைக் குறித்துக்கொண்டே வந்தார் என்பது வரலாறு. தம் வாழ்நாளைத் தத்தம் செய்த விளையாட்டின் அழுகலைத் தம் கையாலேயே குறிக்கும்போது அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பதிவேடு சொல்லாது. கிரீன்பர்க் தம் கற்பனைக்குத் தேர்ந்துகொண்ட நிலம் அதுதான்.

கால யாத்திரைக் கதைகளும், டிராய் சூஸ் எழுதிய துப்பறியும் நாவல்களும் பொழுதுபோக்குக்குக் குறைவில்லாதவை. அவற்றில் இங்கே தங்க வேண்டியதில்லை. டான் டெலில்லோவின் ‘அண்டர்வேர்ல்ட்’ (1997) வேறு தரத்தது. 1951 அக்டோபர் 3-ஆம் தேதி பாபி தாம்ஸன் அடித்த ஹோம் ரன்னும், அன்றே வெளியான சோவியத் அணுகுண்டுச் சோதனைச் செய்தியும் அதன் முகப்பில் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பந்து எவர் கைக்குப் போயிற்று என்பது நிரூபணமாகவில்லை. நாவலோ அதன் பின்னாலேயே தசாப்தங்களைக் கடந்து செல்கிறது.

வெள்ளையர் லீக்குகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்களின் லீக்குகளைப் பற்றி, வில்லியம் பிராஷ்லர் 1973-இல் எழுதிய பிங்கோ லாங் கதையைப் போன்றவை சில இருப்பினும், விஷயத்தின் பெருமைக்கு அவை போதா. ரூப் ஃபாஸ்டர் 1920-இல் தொடங்கிய லீக்கின் ஆட்டங்கள் பலவற்றைப் பெரிய பத்திரிகைகள் பொருட்படுத்தவேயில்லை. சிதறிக் கிடந்த ஸ்கோர் அட்டைகளை ஆராய்ச்சியாளர் திரட்டியதன் பயனாக, 2024-இல் ஜாஷ் கிப்ஸனின் .372 சராசரி டை காபின் நெடுநாளைய எண்ணைத் தாண்டி அதிகாரபூர்வமாக முதலிடம் பெற்றது. கிப்ஸனோ, அந்த நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளினில் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாக, 1947 ஜனவரியில், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அவர் ஆடிய எத்தனையோ பிற்பகல்களுக்கு இன்னும் அட்டை கிடைக்கவில்லை.