உஷா உதுப்பின் இசை: ஒரு மதிப்பீடு

முத்தமிழின் நடுவே வைத்துப் போற்றப்படுவது இசை. பண்ணாராய்ச்சி பற்றியும் கீர்த்தனைகள் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவ்வரிசையில் நிற்க நமக்குத் தகுதியில்லை. பகலெல்லாம் அரசாங்கக் கோப்புகளோடு உறவாடி, மாலையில் வானொலியோடு இளைப்பாறும் எழுத்தர் கூட்டத்தைச் சேர்ந்தவர் நாம். ஆகவே எளிய பொருளொன்றை எடுத்துக்கொண்டோம். ஓட்டல் மேடைகளில் ஆங்கிலப் பாட்டுப் பாடிப் புகழ்பெற்ற உஷா உதுப்பின் இசைவாழ்வே அது. தமிழ்ச் சங்க மலரில் இதற்கென்ன இடம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப்பிள்ளை எந்த மொழியில், எந்தக் குரலில் பாடுவது என்னும் வினா நம் இல்லங்களிலும் எழுவதுதானே! இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

உஷா 1947ஆம் ஆண்டு பம்பாயில், தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையார் காவல்துறை அதிகாரி. வீட்டில் மேலை இசையும் இந்துஸ்தானி இசையும் இலங்கை வானொலியும் ஒருங்கே ஒலித்தன. தமக்கையர் மேலை இசை பாடி மேடையேறியவர்கள். ஆயினும் பள்ளியில் அவர் நிலை வேறாக இருந்தது. அவருடைய குரல் கனத்தது, தாழ்ந்தது. பிற சிறுமியரின் மென்குரலோடு சேரவில்லை. பாட்டு வகுப்பிலிருந்து அவரை விலக்கினார்கள். இசையுணர்வு உள்ள பெண் என்பதை அறிந்த ஆசிரியை, தாளக் கருவியைக் கையில் கொடுத்து ஆறுதல் செய்தாராம். முறையான இசைப்பயிற்சி எதனையும் அவர் பெறவில்லை. பின்னாளில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது விலக்கப்பட்ட அந்தக் குரலேயாகும்.

1969ஆம் ஆண்டு சென்னை அண்ணாசாலையில், சஃபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்னும் இரவு விடுதியில் உஷா ஐயர் என்னும் பெயரோடு அவர் பாடத் தொடங்கினார். அவ்வளாகம் இன்று இல்லை. ஆனால் அங்கே நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் தகும். மேடையேறிய பெண் பட்டுப்புடவை உடுத்தி, நெற்றியில் பொட்டிட்டு, கை நிறைய வளையலோடு நின்றார். பாடியதோ அமெரிக்கப் பாட்டு. அக்காலத் தமிழ்த் திரைப்படங்களில் விடுதிப்பாட்டு என்றால் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் நினைவுக்கு வரும். திரையில் அப்பாட்டுக்கு ஆடுபவள் பெரும்பாலும் கதைத்தலைவி அல்லள். அவளது உடையே அவள் 'வேறு வகைப் பெண்' என்று அறிவித்துவிடும். குடும்பப்பெண், விடுதிப்பெண் எனத் திரைப்படம் கிழித்த கோட்டை, உஷா தம் வீட்டுப் புடவையோடு எளிதாகக் கடந்து சென்றார். அது புரட்சி என்று அவர் முழங்கவில்லை. அணிந்து பழகிய உடையை அணிந்தார். பாடத் தெரிந்த பாட்டைப் பாடினார். அவ்வளவே.

பின்னர் கல்கத்தா பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' விடுதியில் பாடி, அந்நகரையே தம் வாழ்விடமாக்கிக் கொண்டார். கேரளத்தைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப்பை மணந்து உஷா உதுப் ஆனார். பம்பாயில் பிறந்த தமிழ்ப்பெண், மலையாளியை மணந்து, வங்கத்தில் குடியேறி, ஆங்கிலத்தில் பாடுகிறார் என்றால், புலம்பெயர்ந்தோர் வாழ்வுக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ? கென்யா நாட்டுக்குச் சென்றபோது 'மலைக்கா' என்னும் ஸ்வாஹிலிப் பாட்டை அம்மக்களின் மொழியிலேயே பாடினார். அந்நாடு மதிப்புறு குடியுரிமை அளித்துச் சிறப்பித்தது.

இனி, குரலின் இயல்பை நோக்குவோம். அவர் பாடவந்த காலத்தில் இந்தித் திரையிசையை லதா மங்கேஷ்கரின் உச்சக்குரல் ஆண்டுகொண்டிருந்தது. பெண் என்றால் மேல்ஸ்தாயி என்பது எழுதாச் சட்டம். கருநாடக இசையில் டி.கே. பட்டம்மாளின் ஆழ்ந்த குரலைக் கேட்டுப் பழகிய நமக்குத் தாழ்குரல் புதிதன்று. இருப்பினும் திரைப்படம் அதனை ஏற்கத் தயங்கியது. உஷாவின் வலிமை கீழ்ஸ்தாயியில் இருக்கிறது. ஜாஸ் இசைக்கு வேண்டிய தளர்ந்த நடை அவரிடம் உண்டு. சொல்லைத் தாளத்துக்குச் சற்றே பின்தங்க விட்டு, அடுத்த அடியில் எட்டிப் பிடிப்பார். ஜாஸ் என்பதே ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசையன்றோ? ஊரை இழந்தோர் குரலை இழக்காமல் காத்த கலை அது.

1978இல் வந்த 'ஷாலிமார்', 1980இல் வந்த 'பியாரா துஷ்மன்', 1981இல் வந்த 'அர்மான்' ஆகிய படங்களின் பாடல்கள் அவரை இந்தியா முழுவதும் அறியச் செய்தன. 2011இல் வெளியான 'ஸாத் கூன் மாஃப்' படத்தின் 'டார்லிங்' பாட்டுக்காக, ரேகா பரத்வாஜுடன் ஃபிலிம்ஃபேர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் வந்தன.

எதிர்ப்பும் வராமல் இல்லை. 1980களின் முற்பகுதியில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் இசையைப் பண்பாட்டுச் சீர்கேடு என்று பழித்தார். அரசு அரங்குகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. உஷா உயர்நீதிமன்றத்தை நாடி வெற்றி பெற்றார். எது பண்பாடு என்பதை ஆணையிட்டு வரையறுக்க முயலும் வழக்கம் எல்லா மாநிலத்திலும் உண்டு, சங்கங்களிலும் உண்டு.

புகழ்ச்சியோடு நிறுத்தினால் அது திறனாய்வு ஆகாது. உஷாவிடம் நாம் காணும் குறை இரண்டு. தமக்கெனப் பாட்டியற்றி, தம் இசையெனத் தனித்துச் சுட்டத்தக்க தொகுதியை அவர் பெரிய அளவில் உருவாக்கவில்லை. பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை மீண்டும் பாடுவதிலேயே அவர் ஆற்றலின் பெரும்பகுதி சென்றது. 'பியாரா துஷ்மன்' பாட்டின் மெட்டும் மேலை நாட்டிலிருந்து வந்ததே. இவ்வளவு தனித்த குரலுக்கு அவ்வளவு தனித்த பாடல்கள் வாய்க்காமற்போனது இழப்பு என்றே கூறவேண்டும்.

பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியவரின் இசையில் தமிழின் பங்கு சிறிது என்பது இரண்டாவது குறை. ஆனால் இதில் அவரை மட்டும் குற்றம் சொல்வது முறையாகாது. 1975இல் ஏ.பி. நாகராசன் இயக்கிய 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் உஷா பாடினார். மேலைநாட்டுப் பெண்ணொருத்தி தமிழ்ப் பண்பாட்டைத் தழுவும் கதை அது. அதில் தமிழ்ப்பெண் உஷாவுக்குக் கிடைத்ததோ ஆங்கிலப் பாட்டு! 2010இல் 'மன்மதன் அம்பு' படத்தில் அவரை நடிக்கவும் வைத்தார்கள். அந்தக் கீழ்ஸ்தாயிக்கென்றே மெட்டமைத்து, நிலைத்து நிற்கும் தமிழ்ப்பாட்டுகளை அடுக்கடுக்காகத் தந்திருக்கலாம். தமிழுலகம் அதைச் செய்யவில்லை. புதிய குரலைக் கேட்டவுடன் 'இது நம்முடையதன்று' என்று ஒதுக்குவது நமக்கு எளிதாயிருக்கிறது.

தொடக்கத்தில் கூறுவோம் என்ற காரணம் இதுதான். ஏரவாடாவில் அன்பர் ஒருவர் இல்லத்தில் பொங்கல் விழாவுக்கான பாட்டு ஒத்திகை நடந்தது. சிறுமியர் பதின்மர் அமர்ந்திருந்தனர். சுருதிப்பெட்டி ஐந்தரைக் கட்டையில் ஒலித்தது. அவர்களுள் ஒருத்தியின் குரல் மேலே எட்டவில்லை. கீழே இறங்கி, கனத்து, தனியே கேட்டது. கூடியிருந்த பெரியவர்கள் கலந்து பேசினோம். அவள் கையில் ஜால்ராவைக் கொடுத்துப் பின்வரிசையில் உட்காரச் சொன்னோம். குழந்தை எதிர்த்துப் பேசவில்லை. விழா முடியும்வரை தாளம் பிசகாமல் தட்டினாள். அவள் தாயார் மட்டும் நம் முகத்தைப் பார்க்காமல் வீடு திரும்பினார்.

சில நாள் கழித்து உஷாவின் பள்ளிப்பருவத்தைப் படித்தபோது நமக்கு நாணம் உண்டாயிற்று. அச்சிறுமி பெரும் பாடகியாவாள் என்று நாம் சோதிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் பாடிய ஒவ்வொரு சுரமும் சுருதியோடு இருந்தது, இடம்தான் வேறு. பெட்டியை மூன்று கட்டைக்கு இறக்கிப் பார்க்கும் எண்ணம் நம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊரைவிட்டு வந்து மராட்டிய மண்ணில் தமிழை வளர்க்கப் பாடுபடும் சங்கங்கள், தமிழ்ப்பிள்ளைகளின் குரலுக்கும் இடம் தரவேண்டும். வரும் பொங்கலுக்கு அவள் குரலுக்கேற்ற கட்டையில் ஒரு தமிழ்ப்பாட்டைத் தனியே பாடச் சொல்லலாம் என்று விழாக் குழுவினரிடம் கேட்டிருக்கிறோம். அவள் தாயாரிடமும் கேட்கவேண்டும். அது சற்றுக் கடினமான வேலை. எனினும் செய்தே தீரவேண்டிய வேலை.